மின்கையொப்பத்தின் தோற்றமும் வளர்ச்சியும் பிரிண்ட் எடுத்தலும்: ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்

கம்ப்யூட்டரிலேயே கையெழுத்துப் போட்டு முடித்துவிடக்கூடிய ஒப்பந்தத்தை அலுவலகங்கள் ஏன் பிரிண்ட் எடுக்கின்றன என்பதைக் கண்டறிவதே இவ்வாய்வின் நோக்கமாகும். ‘எடுக்கிறார்கள், ஆகவே எடுக்கப்படுகிறது’ என்பது கருதுகோள். முடிவை முதலில் எழுதிவிட்டுத் தரவைப் பிறகு திரட்டும் ஆய்வு மரபு இங்கும் வழுவாமல் பின்பற்றப்பட்டுள்ளது. ஆய்வு எல்லை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நடுத்தரக் கம்பெனியின் மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுது என்பதால் நான்காம் மாடி எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

ஆய்வு முன்னோடிகள்

இத்துறையின் முன்னோடிகள் மூவகையினர்.

முதல் வகையினர் கணக்குத் தெரிந்தவர்கள். 1976-ல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் இரட்டைச் சாவி முறையை முன்வைத்தனர். ஒரு சாவி உரியவரிடம் ரகசியமாக இருக்கும். மற்றது ஊருக்கெல்லாம் தெரியலாம். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மேன் மூவரும் அதற்குச் செயல்வடிவம் தந்தனர். ஆவணம் முழுவதையும் ஓர் எண்ணாகச் சுருக்கி, அந்த எண்ணை ரகசியச் சாவியால் பூட்டினால் அதுவே டிஜிட்டல் கையொப்பம். பிறகு யாராவது ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வார்கள். பத்தி பத்தியாக எடுத்தாளும் ஆய்வேடுகளுக்கு இப்படியொரு ஏற்பாட்டை யாரும் இதுவரை கேட்டு வாங்கவில்லை.

இரண்டாம் வகையினர் ஆட்சியாளர்கள். 2000 ஜூன் 30 அன்று பிலடெல்ஃபியாவில் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் மின்கையொப்பச் சட்டத்தில் முதலில் பேனாவால் ஒப்பமிட்டார். அதன்பிறகுதான் ஸ்மார்ட் கார்டை எடுத்தார். பாஸ்வேர்டு ‘படி’. அது அவர் வளர்த்த நாயின் பெயர். எதற்கும் பேனாவிலும் ஒரு கையெழுத்து, பாஸ்வேர்டுக்கு வீட்டு நாய் ஆகிய இரு மரபுகளும் மேலிடத்திலிருந்தே இறங்கி வந்தவை என்பது இதனால் பெறப்படும். அதே ஆண்டு அக்டோபர் 17-ல் இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

மூன்றாம் வகையினர் நாமே. சோழர் காலக் கல்வெட்டு ஆவணங்களின் இறுதியில் ‘இவை என் எழுத்து’ என்று ஒவ்வொருவராக ஒப்பமிட்டுச் செல்வர். எழுதத் தெரியாதவர் கீறிய குறிக்கு இன்னொருவர் சான்று எழுதுவார். ஒருவர்பின் ஒருவராக ஒப்பமிடும் ‘வொர்க்ஃப்ளோ’ தமிழனின் கண்டுபிடிப்பே என்று நிறுவ இது போதாதுதான். ஆனால் கூடவே ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு, மதியம் வடை பாயசத்தோடு சாப்பாடு, ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் ஒரு தொகுப்பு நூல் இருந்தால் போதும். சாப்பிட்டவர் யாரும் மறுத்ததாக வரலாறு இல்லை.

வகைப்பாடு

மின்கையொப்பம் ஐவகைப்படும்.

1. ஒட்டுக் கையொப்பம்: வெள்ளைத்தாளில் போட்ட கையெழுத்தைப் படம் பிடித்து வேர்டு ஃபைலில் ஒட்டுவது, எல்லாரிடமும் உண்டு, எல்லாருடையதும் எல்லாரிடமும் உண்டு.

2. தட்டச்சுக் கையொப்பம்: பெயரைத் தட்டினால் எழுத்துரு வளைந்து கொடுக்கும்.

3. ஓ.டி.பி. கையொப்பம்: இது 2015-ல் சட்ட ஏற்புப் பெற்ற ஆதார் இ-சைன். ஓ.டி.பி.யைத் தட்டியதும் ஒரு சாவி பிறக்கிறது. ஒருமுறை ஒப்பமிட்டதும் அழிக்கப்படுகிறது. சான்றிதழின் ஆயுள் 30 நிமிடம். சில முனைவர் பட்ட ஆய்வேடுகளை யாராவது புரட்டிப் பார்த்த மொத்த நேரத்தோடு ஒப்புநோக்கின், இது தீர்க்காயுள்.

4. டோக்கன் கையொப்பம்: யூ.எஸ்.பி. பென்டிரைவ் அளவே உள்ள பொருளில் டைரக்டரின் ரகசியச் சாவி இருக்கும். 2021 ஜனவரி 1 முதல் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் நின்றுபோய், மூன்றாம் வகுப்பே வழங்கப்படுகிறது. சாவியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க உரியவர் தக்க கவனம் எடுக்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே டைரக்டர் தக்க கவனத்துடன் அதை ஆடிட்டர் ஆபீஸில் கொடுத்துவைக்கிறார் (காண்க: ஆடிட்டர் மேசை, இடப்பக்க இழுப்பறை). அங்கே கம்பெனிப் பெயர் எழுதிய ஸ்டிக்கரோடு அது மற்ற டோக்கன்களுடன் கூடி வாழ்கிறது (மேலது, பழைய பிஸ்கட் டப்பா, ரப்பர் பேண்ட் போட்ட கட்டு). பாஸ்வேர்டு எழுதிய மஞ்சள் சீட்டுக்கு இரண்டு பாடங்கள் கிடைத்துள்ளன. மூலப்படியில் ஈற்றெழுத்து காபிக் கறையால் சிதைந்தது. அக்கவுண்ட்ஸ் வாட்ஸாப் குழுவில் வந்த படியில் அது ‘7’ (காண்க: மேற்படி குழு, செவ்வாய்க்கிழமை, ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூவுக்குக் கீழ், அழிக்கப்பட்ட செய்திக்கு மேல்). ‘1’ என்பதே ஆசிரியர் கருத்து என வலியுறுத்தும் ஜூனியர், மூன்றுமுறை தட்டிப் பார்த்து டோக்கனைப் பூட்டிவிட்டார். பாடபேத ஆராய்ச்சி இவ்வளவு உடனடியாகப் பலன் தந்த இடம் தமிழில் வேறில்லை.

5. பிரிண்ட் கையொப்பம்: இதைத் தனி இயலாக விரிக்காமல் விட்டால் ஆய்வு நிறைவுறாது.

பிரிண்ட் எடுத்தல்

‘சப்ளையர் அக்ரிமெண்ட், உங்கள் கையொப்பத்துக்குக் காத்திருக்கிறது’ என்று எம்.டி.க்கு மெயில் வருகிறது. நடுவில் ஒரு பெரிய பொத்தான். அதை அழுத்திப் பெயரை உறுதி செய்தால், அனுப்பியவருக்கும் அடுத்து ஒப்பமிட வேண்டியவருக்கும் தானாகவே தகவல் போகும். யார், எந்த நொடியில், எந்த இணைய முகவரியிலிருந்து திறந்தார், ஒப்பமிட்டார் என்ற தடமும் பதிவாகும்.

“என்னப்பா இது?”

“இதை கிளிக் பண்ணா போதும் சார்.”

“பண்றேன். முதல்ல ஒரு பிரிண்ட் எடுத்துட்டு வா.”

முப்பத்தெட்டுப் பக்கம் வருகிறது. எம்.டி. முதல் பக்கத்தையும் தொகை உள்ள பக்கத்தையும் படிக்கிறார். பிறகு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நீல மையில் கையெழுத்துப் போடுகிறார். பன்னிரண்டாம் பக்கத்துக்கு மேல் அது வெறும் கோடாகிறது. அடுத்து சீல். ஸ்டாம்ப் பேட் காய்ந்திருப்பதால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுகிறார்கள். கம்பெனிப் பெயர் ஊதா நிறத்தில் கலங்கி விழுகிறது. கம்பெனிகளுக்குப் பொது முத்திரை கட்டாயமில்லை என்று கம்பெனிச் சட்டத்தையே 2015-ல் திருத்தியாயிற்று. அந்தச் செய்தி மூன்றாம் மாடிக்கு இன்னும் ஏறவில்லை.

பிறகு ஸ்கேன். பதினேழாம் பக்கம் தலைகீழாகப் போகிறது. ஃபைல் 25 எம்.பி.யைத் தாண்டுவதால் ஜிமெயில் ஏற்க மறுக்கிறது. சுருக்கினால் மெயிலில் போகிறது, தொகைதான் தெரியவில்லை. சப்ளையர் ஆபீஸில் இதை வாங்கியவர் பிரிண்ட் எடுக்கிறார்.

இதற்குள் பழைய பொத்தான் நினைவூட்டல்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதன் கணக்கில் யாரும் இன்னும் ஒப்பமிடவில்லை.

முறையாக டிஜிட்டல் கையொப்பம் இட்ட பி.டி.எஃப்.புக்கும் இதே கதிதான். இ-ஆதாரை அடோபி ரீடரில் திறந்தால் கையொப்பம் உள்ள இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி நிற்கும். அதை அழுத்திச் சான்றிதழை நம்புவதாக ஒப்புக்கொண்டால் பச்சை டிக் விழும். அழுத்துவார் இல்லை. கேள்விக்குறியோடு பிரிண்ட் எடுத்து, அதன்மேலேயே கையெழுத்துப் போட்டு நகல் தருகிறார்கள். தாளில் மிஞ்சுவது கையொப்பத்தின் படம் மட்டுமே. சரிபார்க்கக்கூடிய கையொப்பம் ஃபைலோடு கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடுகிறது.

திணைப் பகுப்பு

ஐந்திணையில் அடக்காத பொருளுக்கு நெறியாளர் ஒப்பமிட மாட்டார் என்பதால் அதுவும் தரப்படுகிறது. எம்.டி.யின் கையெழுத்துக்குக் காத்திருத்தல் முல்லை. ஓ.டி.பி. வராமல் இரங்கல் நெய்தல். லீகலும் ஃபைனான்ஸும் ஒரு ஷரத்துக்காக முகம் திருப்பிக்கொள்ளுதல் மருதம். டோக்கனைப் பிரிதல் பாலை. இரு தரப்பும் ஒரே நாளில் ஒப்பமிடல் குறிஞ்சி. இதற்குச் சான்று கிடைக்கவில்லை.

முடிவுரை

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. மின்வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது எனத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. டிரைமெக்ஸ், வேதாந்தா நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில், முறையான ஒப்பந்தப் பத்திரம் கையெழுத்தாகாவிட்டாலும் மெயிலில் பேசி முடித்ததே ஒப்பந்தம்தான் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பையும் மூன்றாம் மாடி லீகல் பிரிவு பிரிண்ட் எடுத்து, சீல் வைத்து, ஃபைலில் கோத்திருக்கிறது.

சட்டமே மின்கையொப்பத்தை அனுமதிக்காத இடங்களும் உண்டு. அறக்கட்டளைப் பத்திரமும் உயிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி இன்றும் அதன் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. ஆகவே சப்ளையர் அக்ரிமெண்டுக்குப் பொத்தானை அழுத்துங்கள். அந்த நீலப் பேனாவை உயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சாட்சி இரண்டு பேர் வேண்டும், சீல் தேவையில்லை.