மூணு மருமகனுக்கும் ஒரே தென்னந்தோப்பு

வால பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. நான் மோட்டார் ரூமுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள லாப்டாப்புக்குள்ள 100 ஜிபி நிலம் வாங்கிட்டியாமே! பத்திரச் செலவு இல்ல, புரோக்கர் கமிஷன் இல்ல. பெரிய ஆளுதாம்ல நீ.

வெர்ச்சுவல்பாக்ஸ்ல புது டிஸ்க் போடையில ‘டைனமிக்’கா ‘ஃபிக்ஸ்டா’ன்னு கேட்டிருக்குமே? நீ எங்க படிச்ச, நெக்ஸ்ட் நெக்ஸ்ட்டுன்னு அமுக்கிருப்ப. டைனமிக்னா என்ன தெரியுமா? உள்ள இருக்க லினக்ஸ்கிட்ட 100 ஜிபின்னு அளக்கும். வெளிய வந்து பாத்தா சில எம்பிக்கு ஒரு கோப்பு கிடக்கும். பொண்ணு பாக்க வந்தவன் சொல்லுத சொத்துக் கணக்கு மாதிரி. நீ உள்ள எழுத எழுதத்தான் அது வீங்கும்.

உன் லாப்டாப்புல மொத்தமே 256. இதே கணக்குல மூணு மெஷினுக்கு நூறு நூறா எழுதிக் குடுத்திருக்க. மூணு மருமகனும் ஒரே நாள்ல தேங்கா பறிக்க வந்தா என்னல செய்வ? ஹோஸ்டா இருக்க உன் லாப்டாப்புல இடம் தீந்துச்சுன்னா, ஓடுத மெஷின் நட்டாத்துல நிக்கும். உள்ள கோப்பை அழிச்சா சரியாப் போகும்னு நினைக்காத. வீங்கினது தானா வத்தாது. காலி இடத்துல பூஜ்யத்தை நிரப்பி, ‘காம்பேக்ட்’ பண்ணினாத்தான் வத்தும்.

இதுல புது வித்தைன்னு மீசைய வேற முறுக்குத. 1972-லயே ஐபிஎம்காரன் விஎம்/370-ல ‘மினிடிஸ்க்’னு, இருக்க டிஸ்கைச் சிலிண்டர் கணக்குல கூறு போட்டு ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டான். அவன் சங்கிலி பிடிச்சு அளந்து குடுத்தான். நீ வாயாலயே அளக்க.

சரி, மெஷினை நிறுத்திட்டு, ஸ்டோரேஜ்ல போயி சாட்டா கன்ட்ரோலர்ல மாட்டிட்ட. அப்புறம் “டிஸ்கைக் காணோம் தாத்தா”ன்னு என்னத்துக்குக் கத்துத? தரிசை உழாமலே நாத்து நடுவியோ? ‘எல்எஸ்பிஎல்கே’ அடிச்சுப் பாரு, எஸ்டிபின்னு மொட்டையா நிக்கும். ஜிபிடி போட்டுப் பார்ட்டிஷன் பிரி, ஈஎக்ஸ்டி4 போட்டு ஃபார்மட் பண்ணு. ஆனா என்டர் தட்டுததுக்கு முன்னால எஸ்டிஏவா எஸ்டிபியான்னு ரெண்டு தரம் பாரு. அடுத்தவன் வயலை உழுதா பஞ்சாயத்துல பேசித் தீத்துக்கலாம். எஸ்டிஏவை உழுதா, லினக்ஸ் குடியிருக்க வீட்டையே உழுத கதைதான்.

ஃபார்மட் ஆனதும் “இடம் குறையுதே”ன்னு அழாத. ரூட்டுக்குன்னு நூத்துக்கு அஞ்சு ஒதுக்கி வைக்கும். கோயில் பங்குன்னு வச்சுக்கோ. வெறும் தரவு போட்டு வைக்குத டிஸ்க்னா ‘டியூன்டுஎஃப்எஸ்’ வச்சுக் குறைச்சுக்கிடலாம், சாமி கோவிக்காது.

மவுன்ட் பண்ணினதோட எந்திரிச்சுப் போயிராத. ‘எஃப்எஸ்டேப்’ல பதியலைன்னா மறுபடி பூட் ஆகையில வாசல் அடைச்சுக் கிடக்கும். எஸ்டிபின்னு பதியாத, அது மேலத்தோட்டம்னு சொல்லுத மாதிரி. நாளைக்கு இன்னொரு டிஸ்கை மாட்டினா யாரு மேல யாரு கீழன்னு மாறிரும். யுயுஐடிதான் சர்வே நம்பர். கூடவே ‘நோஃபெயில்’னு ஒரு வார்த்தை சேத்துக்கோ. இல்லைன்னா அந்த டிஸ்க் இல்லாத அன்னைக்கு, பூட் பாதியில நின்னு எமர்ஜென்சி மோட்ல கிடந்து உருளும்.

கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னுதான முழிக்க? பொங்கலுக்கு வந்த உங்க அக்கா, நெல்லுக் கணக்கு போட எனக்கும் ஒரு மெஷின் வச்சுக் குடுத்துட்டுப் போனா. 20 ஜிபி. ஃபிக்ஸ்டு.

உன் பழைய லாப்டாப்புலதாம்ல.