வெறுங்கம்பியத் தூக்க வெக்கமாலே?

ஏலே, இங்கன வந்து உக்காரு. நொண்டிக்கிட்டு எங்க போற? ஜிம்முக்கா? நல்லாருக்கு.

தொடைக்குப் பின்னால சதை பிடிச்சு இன்னும் மூணு வாரம் முழுசா ஆகல. அதுக்குள்ள மணிக்கட்டுக்குப் பட்டை, முட்டுக்கு உறை, இடுப்புக்குத் தோல் பெல்ட்டு, தொடையில நீலக்கலர் டேப்பு. மாட்டுப்பொங்கலுக்கு நம்ம காளைக்குக்கூட இம்புட்டு சோடனை கிடையாதுலே! வலி போச்சான்னு கேட்டா, "டேப்பு ஒட்டுனா தெரியல தாத்தா"ங்க. ஒனக்குத் தெரியல, சரி. சதைக்குமா தெரியாது?

அடிபடுததுக்கு முன்னால டெட்லிஃப்ட்டு 100 கிலோவாம். அதனால இன்னைக்கும் நூறாம். விட்ட எடத்துல இருந்து தொடங்க இதென்ன டிவி சீரியலா? வெறுங்கம்பியே 20 கிலோ இருக்காம்லா, அதுல ஆரம்பின்னேன். மூஞ்சி சுண்டிப்போச்சு. பக்கத்துல நிக்கவன் சிரிப்பானாம்! அவன் கண்ணாடியில அவன் புஜத்தையே பாத்துக்கிட்டு நிக்கான். ஒன்ன எங்கலே பாக்கப்போறான்?

எங்களுக்கு இளவட்டக்கல்லு. உருண்டையா, வழுவழுன்னு இருக்கும். பிடிக்க ஒரு மூலை கிடையாது. முட்டுக்கு ஏத்தி, நெஞ்சுக்கு ஏத்தி, தோளுக்குக் கொண்டுபோயி பின்னால போடணும். ஒரு வருசம் நெஞ்சுக்கு ஏத்தையில தொடை சுரீர்னுச்சு. பத்து நாள்ல வலி அடங்கிச்சு. நானும் வீராப்பா மறுபடி போயிக் குனிஞ்சேன். அந்தத் தடவை ரெண்டு மாசம் படுக்க. வலி போறது வேற, சதை கூடுதது வேறன்னு யாரும் சொல்லல. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன். ஒன் ஆச்சி குடத்தோட அந்தப் பக்கமா வந்துக்கிட்டிருந்தா.

அதுக்காக இப்பம் அவ சொல்லுத மாதிரி மூணு மாசம் கட்டிலோட கிடக்கவும் வேண்டாம். கிடந்தா இருக்கிற சதையும் கரையும். அமெரிக்காவுல டிலார்ம்னு ஒரு பட்டாளத்து டாக்டரு. 1940-கள்ல, அடிபட்ட சிப்பாய்களுக்கு வெயிட்டு குடுத்தே தேத்தினாராம். பத்து தடவை தூக்க முடியுத எடை எம்புட்டோ, முதல்ல அதுல பாதி, அப்புறம் முக்கால், கடைசியில முழுசு. இதாம்லே அவரு கணக்கு. கவனி, இன்னைக்கு முடியுத எடை. போன மாசம் போட்டோ போட்டியே, அது இல்ல.

தூக்கையில லேசா இழுத்தா பயப்படாத. சுருக்குன்னு குத்துனா கம்பிய வையி. மறுநாள் படியிறங்க மொனங்குனியா, நேத்து கூடிப்போச்சுன்னு அர்த்தம், குறைச்சுக்கோ. கன்னிக் கறுத்து, காலு ஊன முடியலன்னா என்ட்ட வராத, டாக்டர்ட்ட போ.

சரி, கிளம்பு. அந்த நீல டேப்ப மட்டும் கழட்டி வச்சிட்டுப் போலே. தொழுவத்துல கன்னுக்குட்டி மெரளுது.