பவழமல்லியின் பெயரும் காம்பவுண்டுச் சுவரும்: ஹப்சிகுடாவை முன்வைத்து ஓர் ஆய்வு

பவழமல்லி எனப்படுவது இரவில் மலர்ந்து, விடியுமுன் உதிர்ந்து, பெருக்குபவர் வருவதற்குள் பொறுக்குபவரை வரவழைக்கும் புதராகும், இடங்கொடுத்தால் சிறுமரமாகும். வெள்ளிதழும் பவழநிறக் காம்பும் உடைமையால் இப்பெயர் என்பதோடு ஆய்வு முடிந்திருக்க வேண்டும். அறிஞர் பெருமக்கள் விடவில்லை. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களுள் ஒன்றான சேடலைப் பவழக்கால் மல்லிகை என விளக்கினர் உரைகாரர். பூவுக்குக் கால் ஏது என வினவுவோர் உரைமரபு அறியாதோர்.

இதன் வடமொழிப் பெயராகிய பாரிஜாதம் 'கடலில் பிறந்தது' எனப் பொருள்படும். பாற்கடல் கடைந்தபோது எழுந்து இந்திரன் தோட்டத்தை அடைந்தமையால் வந்த பெயர். ஹைதராபாத்தின் ஹப்சிகுடாவில் கடையப்படும் நீர்நிலை மாடித் தொட்டி ஒன்றே என்பதால் இக்கொள்கை இங்கு மோட்டார் ஓடும் வேளையில் மட்டும் பொருந்தும். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் பவழமல்லிக்குத் 'துயரமரம்' என்னும் அடைமொழி சூட்டினார். சூரியனைக் காதலித்துக் கைவிடப்பட்ட இளவரசியின் சாம்பலில் முளைத்ததால் அவன் முகத்தில் விழிக்காமல் பூ உதிர்கிறது என்பது கதை.

உத்தரப்பிரதேசத்துக் கிந்தூரிலோ பாரிஜாதமென வணங்கப்படுவது பவழமல்லியே அன்று, ஆப்பிரிக்க ஆனைப்புளிய மரம். கோல்கொண்டாவிலும் அவ்வினத்துப் பெருமரம் ஒன்று நிற்பதாலும், ஹப்சிகுடாவின் பெயரே ஹப்ஷிகள் எனப்பட்ட ஆப்பிரிக்கரால் வந்ததாகச் சொல்லப்படுவதாலும், இந்திரலோகம் அபிசீனியாவில் இருந்தது என நிறுவ இரண்டு அடிக்குறிப்புகளே குறைகின்றன; இதைவிடக் குறைந்த சான்றுக்கு முனைவர் பட்டம் கிடைத்ததுண்டு.

எனினும் தலையாய சிக்கல் சுவரே. இந்திரன் தோட்டத்திலிருந்து கிருஷ்ணன் கொணர்ந்த மரம் சத்தியபாமாவின் முற்றத்தில் நிற்க, பூக்கள் ருக்மிணியின் முற்றத்தில் விழுந்தன என்பது புராணம். ஒரேயொரு பூவுக்காகச் சத்தியபாமா கொண்ட சினத்தை நந்தி திம்மனா 'பாரிஜாதாபஹரணமு' என்று தெலுங்கில் ஒரு காவியமாகவே விரித்திருக்க, ஹப்சிகுடாவில் அது நாள்தோறும் ஒரு கூடைக்கு நிகழ்கிறது. வேர் உள்ளவர் வீட்டிலேயே பூவும் என்பது கீழ்த்தளத்து மூலபாடம். கிளை வந்தால் பூவும் வரும் என்பது அடுத்த வீட்டுப் பாடபேதம். விடியுமுன் பழைய வேட்டியை விரித்தவருக்கே பூ என்பது பால்பாக்கெட் போடுபவர் வழிவந்த வாய்மொழி மரபு. இம்மூன்றையும் மறுத்து, மேலிருந்து பார்த்தவருக்கே உண்மை தெரியும் என்கிறது மூன்றாம் மாடிப் பேருரை, துணிக்கொடிப் படலம், ஈரத்துண்டு அதிகாரம், மழையில் பாதி அழிந்த ஏடு. தரையில் விழுந்த பூ பூசைக்கு ஆகாது என்னும் பொதுவிதி பவழமல்லிக்கு மட்டும் தளர்த்தப்பட்டமையே இவ்வளவு உரைகளுக்கும் மூலகாரணம்.

வெயில் ஏறியதும் வாடிப் பழுப்பேறும் எஞ்சிய பூவும், சொரசொரப்பான இலையும் யாருடையவை என்ற வினாவில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. சுவரின் இருபுறத்து உரையாசிரியர்களும் எதிர்ப்புறத்தையே சுட்டுகின்றனர்.