டர்போவை எழுப்ப ஒரு தகடு: பட்டறைக் குறிப்பு

பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டை ஏறும் மலைப்பாதையில், ஈரத்தோல் ஏற்றிய பழைய லாரிக்குப் பின்னால் பைக்கில் மாட்டிக்கொண்டவர்களுக்கு டர்போ லேக் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வளைவில் எஞ்சின் ஆயிரம் சுற்றுக்குக் கீழே இறங்கும். டிரைவர் மிதிப்பார். முதலில் கரும்புகை வரும், அப்புறம் விசில் கேட்கும், கடைசியில்தான் இழுவை.

காரணம் சுலபம். டர்போ சுற்ற வேகமான சூட்டுப்புகை வேண்டும். அதற்கு டீசல் நன்றாக எரிய வேண்டும். எரியக் காற்று வேண்டும். அந்தக் காற்றை டர்போதான் தர வேண்டும். பணம் இருப்பவனுக்கே கடன் தரும் வங்கி மாதிரி. ஆல்ஃபிரட் பூஹி 1905-ல் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து இந்தச் சிக்கல் கூடவே வருகிறது. சோளிங்கர் பக்கம் புலிவலத்தில் டர்போ செய்யவே ஓர் ஆலை இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் இதை யோசிக்காமல் விட்டிருப்பார்கள் என்று நம்புகிறவர்கள் மட்டும் மேலே படிக்கவும்.

முதலில் டர்போவைக் கழற்றி, புகை நுழையும் வாயைப் பாருங்கள். ஒரே ஓட்டை என்றால் உங்களுக்கு இந்தக் குறிப்பு உதவாது. டீ குடித்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடலாம். நடுவே சுவர் வைத்து இரண்டு ஓட்டை இருந்தால் அதிர்ஷ்டம். ஆறு சிலிண்டர் எஞ்சினில் முன் மூன்றின் புகை ஒரு பாதையிலும் பின் மூன்றின் புகை மறு பாதையிலும் வரும். மாறி மாறி வெடிப்பதால் ஒன்றின் மூச்சு இன்னொன்றை முட்டாது. நம் திட்டம் இதுதான்: தகட்டுக்கு முன்னால் இரு பாதைகளையும் இணைத்துவிட்டு, எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒரு பாதையைத் தகட்டால் அடைத்து, ஆறின் புகையையும் ஒற்றை ஓட்டை வழியே பீய்ச்சுவது. குறுகிய வழியில் புகை வேகமெடுக்கும், டர்போ சீக்கிரம் விழிக்கும். காற்றழுத்தம் ஏறியதும் தகடு திறந்துவிட வேண்டும். தத்துவம் சரிதான், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து காயலாங்கடை. கடைக்காரர் உடனே ஒரு எக்ஸாஸ்ட் பிரேக்கின் பட்டாம்பூச்சித் தகட்டை எடுத்து நீட்டுவார். அளவும் கிட்டத்தட்டப் பொருந்தும், ஆசையும் வரும். ஆனால் அது டர்போவைத் தாண்டி, சைலன்சர் பக்கம் இருக்கப் பிறந்தது. நாம் வைக்கப்போவது டர்போவுக்கு முன்னால். மலையேற்றத்தில் அங்கே 600 டிகிரியைத் தாண்டும். பிரேக் தகட்டின் திருகு கழன்றால் சைலன்சரில் கடகடக்கும். நம் தகட்டின் திருகு கழன்றால் நேரே டர்பைன் சக்கரத்துக்குள் போகும். அது அப்போது நிமிடத்துக்கு லட்சம் சுற்றுப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்.

சரி, புதிதாகவே கடைவோம் என்று எவர்சில்வர் தகடோடு லேத் பட்டறைக்குப் போகிறீர்கள். 'கொஞ்சம்கூடக் கசியக் கூடாது' என்று சொல்லி, வாயோடு வாயாகப் பொருந்தும்படி கடைந்து வாங்குகிறீர்கள். பெருமையாக இருக்கும். அந்த 60 மில்லி தகடு 600 டிகிரி சூடேறினால் அரை மில்லிக்கு மேல் விரியும். சுற்றியிருக்கும் வார்ப்பிரும்பு அவ்வளவு விரியாது. ஆம்பூரில் அழகாகத் திறந்து மூடிய தகடு, மலைப்பாதையின் பத்தலப்பல்லி வளைவில் மூடியபடியே இறுகிக்கொள்ளும். ஆறு சிலிண்டரின் மொத்தப் புகையும் பாதி வாசலில் முட்டும். டர்போ தன் வரம்பைத் தாண்டிச் சுற்றும், எஞ்சின் கொதிக்கும், ஹெட் கேஸ்கட் போகும். ஆக, தகடு கொஞ்சம் கசியத்தான் வேண்டும். மூடுகிற வேலையைக் காற்றுக்கும் திறக்கிற வேலையை ஸ்பிரிங்குக்கும் கொடுங்கள். எது அறுந்தாலும் திறந்தே கிடக்கும்படி. அந்தக் காற்றைப் பிரேக் டேங்க்கிலிருந்து திருடலாமா என்று கேட்பவர்களோடு நான் மலையிறங்க மாட்டேன்.

தகடு மாட்டும் இடத்துக் கேஸ்கட் விஷயத்தில் நம் வட்டாரத்துக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. வாணியம்பாடியில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் யாராவது ஒருவர் நல்ல தோல் துண்டை எடுத்து வருவார். 'குரோம் தோலுங்க, கொதிக்கிற தண்ணியில போட்டாலும் சுருங்காது.' உண்மைதான், டேனரியில் அப்படித்தான் சோதிப்பார்கள். ஆனால் தண்ணீர் நூறு டிகிரியோடு நின்றுவிடுகிறது. தோல் வாசரை அடிபம்புக்கே விட்டுவிடுவது நல்லது.

சூட்டுப்புகைக்குக் கதவு போடுவது ஒன்றும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. ராணிப்பேட்டை பெல் ஆலை அனல்மின் நிலையங்களின் புகைக்குழாய்க்கென்றே அடைப்புக் கதவுகள் செய்கிறது. ஒவ்வொன்றும் வீட்டுக்கதவைவிடப் பெரிது. அங்கே விரிவு, கசிவு எல்லாவற்றுக்கும் ஆள் வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். நம்மிடம் இருப்பது ஒரு சாக்பீஸும் மேஸ்திரியின் கண்பார்வையும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தகடு ஒன்று, சூடு பார்க்கும் மீட்டருக்குப் போட்ட ஓட்டை இரண்டு, வெல்டு வைத்த பிளேஞ்சு மூன்று என்று எண்ணுகிற அதிகாரி வாய்த்தால் கையில் சில்லறை இருக்கட்டும். வண்டி 2020 ஏப்ரலுக்குப் பிந்திய பி.எஸ். 6 என்றால் அதிகாரியே தேவையில்லை. எஞ்சினின் கணினியே கண்டுபிடித்து விளக்கு எரியவிடும், இழுவையையும் குறைத்துவிடக்கூடும். டர்பைனைச் சுற்றியுள்ள சிறகுகளே அசைந்து வழியைக் குறுக்கும் டர்போக்களும் இப்போது உண்டு. நாம் கடையப்போகும் தகட்டின் வேலையை அவை கம்பெனியிலேயே கற்றுக்கொண்டு வந்துவிடுகின்றன.

இவ்வளவுக்கும் துணிந்து, தகடும் தண்டும் ஸ்பிரிங்குமாக மாட்ட உட்காரும்போது, வயதான மேஸ்திரி ஒருவர் பானெட்டுக்குள் கையை விட்டு, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸை அசைத்துப் பார்ப்பார். கிளிப் தளர்ந்திருக்கும். ஏர் ஃபில்டரைத் தட்டினால் நெடுஞ்சாலைப் புழுதி பாதி கொட்டும். 'இதுக்கு இன்னாத்துக்குங்க வால்வு?' என்பார். கிளிப்பை இறுக்கி, ஃபில்டரை மாற்றினால் வண்டி விசிலடித்துக்கொண்டு ஏறும். இது இந்தக் குறிப்பில் முதல் படியாக வந்திருக்க வேண்டியது. ஆனால் அங்கே போட்டிருந்தால் மீதியை யாரும் படித்திருக்க மாட்டீர்கள்.