பேய்க்குப் பசி வந்தால்

அக்டோபர் 31 வந்துவிட்டால் அமெரிக்காக்காரர் வாசலில் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை நிறுத்துகிறார். பரங்கிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கு ஏற்றுகிறார். இவருடைய முன்னோர்கள் அயர்லாந்தில் இருந்தவரை டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். கப்பலேறிப் போன இடத்தில் பரங்கிக்காய் பெரிதாகவும் மெத்தென்றும் கிடைத்ததால் கட்சி மாறினார்கள். இந்த ஹாலோவீன் இப்போது நம்மூர் அடுக்குமாடிக் குடியிருப்பு வரை வந்து இறங்கியிருக்கிறது, ஏதோ நமக்குப் பேய் காட்டத் தெரியாது என்பதுபோல.

பென்னலூரிலிருந்து ஒரகடம் வரை ஒருமுறை வண்டியில் போய்ப் பாருங்கள். பாதி கட்டிய கட்டடம் ஒவ்வொன்றிலும் ஒரு சாம்பல் பூசணி தொங்குகிறது. கோரைப்பல், தொங்கும் நாக்கு, முறுக்கு மீசை. அதில் படம் வரைவது லேசான வேலை இல்லை. காயின் மேலிருக்கும் வெள்ளைப் பூச்சை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் வரைந்த மீசை மறுநாளே உரிந்துவிடும், அசுரன் சிரைத்த முகத்தோடு தொங்குவான். அவர்களுக்கு ஹாலோவீன் ஒரு நாள். நம் பூசணி அசுரனுக்கு வருஷம் முழுக்க டியூட்டி, அதுவும் நைட் ஷிஃப்ட் சேர்த்து.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தொண்டை மண்டலத்துக்குப் பேய் காட்டுவதில் ஆயிரத்து நானூறு ஆண்டு அனுபவம் உண்டு. அத்தனை காலமும் பேய்க்காட்சியைக் கெடுத்தவை இரண்டே இரண்டு: ஒன்று சிரிப்பு, மற்றது சோறு.

சிரிப்பிலிருந்து ஆரம்பிப்போம். பென்னலூரை ஒட்டியிருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்குத் தலபுராணம் வைத்த பெயர் பூதபுரி. கைலாயத்தில் சிவபெருமான் சடை விரித்து ஆடிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற பூதகணங்களின் வேலை, பயங்கரமாக நிற்பது. அது ஒன்றுதான் வேலை. ஆனால் ஆட்டத்தைப் பார்த்து ஒரு பூதத்துக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். பக்கத்துப் பூதம் அதைப் பார்த்துச் சிரிக்க, வரிசையே குலுங்கிச் சிரித்துவிட்டது. ஷோ காஸ் நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை. ஒரே சாபத்தில் மொத்தப் பேரும் வெளியே.

வேலை போன பூதங்கள் இந்தப் பக்கம் வந்து திருமாலை நினைத்துத் தவம் கிடந்தன. ஆதிகேசவப் பெருமாள் தோன்றினார். ஆதிசேஷன் உண்டாக்கிய அனந்தசரஸ் குளத்தில் முழுக்குப் போட்டதும் சாபம் தீர்ந்தது. அந்த நன்றிக்குப் பூதங்களே ஊரைக் கட்டிக் கொடுத்தன என்கிறது புராணம். ஆக, வேறிடத்தில் வேலை இழந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து கட்டுமான வேலையில் சேர்வது நேற்று ஆரம்பித்த பழக்கம் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை 1998இல்தான் உற்பத்தியைத் தொடங்கியது. பூதங்கள் அதற்கு வெகு சீனியர்.

அடுத்தது சோறு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குகை குடைந்தான், போர் செய்தான், இடையில் 'மத்தவிலாசம்' என்ற நகைச்சுவை நாடகமும் எழுதினான். நாடகத்தின் நாயகன் சத்தியசோமன் ஒரு காபாலிகன். உடம்பெல்லாம் சாம்பல், கையில் மண்டையோடு. பார்த்தால் ஊரே நடுங்க வேண்டிய வேஷம். ஆனால் அந்த மண்டையோடுதான் அவனுக்குப் பிச்சைப் பாத்திரம், அதுவே சாப்பாட்டுத் தட்டு, அதுவே கள் குடிக்கும் குவளை. அங்கேதான் தகராறு ஆரம்பிக்கிறது.

கூட்டாளி தேவசோமையோடு போதையில் காஞ்சித் தெருக்களைச் சுற்றி வந்தவன் திடீரென்று கையைப் பார்க்கிறான். மண்டையோட்டைக் காணோம்! மண்டையோடு இல்லாத காபாலிகன் வெறும் சாம்பல் பூசிய ஆசாமி. அந்தப் பக்கமாகப் போன நாகசேனன் என்ற பௌத்தத் துறவி துணிக்குள் எதையோ மறைத்துக்கொண்டு போகிறார். பிடித்துக்கொள்கிறான். "நீதான் எடுத்தாய்!" "இல்லையப்பா, இது என் பாத்திரம்!" மத்தியஸ்தம் பண்ண ஒரு பாசுபதர் வந்து சேருகிறார். தத்துவம், வாதம், தள்ளுமுள்ளு எல்லாம் ஆகிறது. கடைசியில் ஒரு பைத்தியக்காரன் அந்த மண்டையோட்டோடு வருகிறான். உண்மையான திருடன் யார் என்றால் ஒரு நாய். மண்டையோட்டில் வறுத்த கறி இருந்திருக்கிறது. நாய் கறியைப் பார்த்ததே தவிர மண்டையோட்டைப் பார்க்கவில்லை.

பயமுறுத்தும் சாமானில் சாப்பாட்டை வைக்காதே. காஞ்சிபுரத்து ராஜாவே நாடகம் போட்டுச் சொன்ன புத்திமதி இது. யாரும் கேட்கவில்லை.

பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சொன்ன கதையும் சாப்பாட்டில்தான் தொடங்குகிறது. காரைக்காலில் பரமதத்தன் என்ற வணிகன் வீட்டுக்கு இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். மனைவி புனிதவதி ஒன்றைச் சிவனடியாருக்குச் சோற்றோடு படைத்துவிடுகிறார். மதியம் சாப்பாட்டுக்கு வந்த புருஷன் மிச்சப் பழத்தைத் தின்றுவிட்டு, "நல்லா இருக்கே, இன்னொன்றும் எடுத்து வா" என்கிறான். புனிதவதி இறைவனை வேண்ட, கையில் ஒரு பழம் வந்து விழுகிறது. ருசி வேறு மாதிரி இருக்கிறதே என்று அவனுக்குச் சந்தேகம். விஷயம் தெரிந்ததும் மனுஷன் கப்பலேறி ஓடிப்போய், பாண்டி நாட்டில் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு, பெண் குழந்தைக்கு முதல் மனைவியின் பெயரையே வைத்துவிட்டான். பயம் ஒரு பக்கம், மரியாதை ஒரு பக்கம்.

அவன் விட்டுப்போன பிறகு அந்த அம்மாள் அழகு வேண்டாம், தசை வேண்டாம் என்று பேய் உருவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தலையாலேயே கைலாயம் நடந்தார். சிவனே "அம்மையே" என்று அழைத்தார். பிறகு திருவாலங்காட்டில் இறைவன் ஆட, இவர் பாடினார். திருவாலங்காடு இங்கிருந்து திருவள்ளூர் வழியாகப் போனால் எட்டிவிடும் தூரம். தமிழ்நாட்டில் பேய் வேஷம் போட்டு, அதைக் கடைசிவரை கலைக்காதவர் காரைக்கால் அம்மையார் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு காபி குடிக்கப் போனவர்கள்.

இனி பெரிய காட்சிக்கு வருவோம். முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் செயங்கொண்டார் எழுதிய 'கலிங்கத்துப்பரணி'. கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற கதை என்று பரீட்சைக்குப் படித்திருப்போம். போருக்கு உத்தரவு போட்ட ராஜா அப்போது காஞ்சியில் இருந்தார் என்பதால் நம் வட்டாரக் கதைதான். ஆனால் பாதிப் புத்தகம் வரை போரே வராது. அதுவரை நடப்பது பேய்களின் பஞ்சாயத்து.

பாலை நிலத்தில் ஒரு காளி கோயில். அதைச் சுற்றிலும் பட்டினி கிடக்கிற பேய்கள். ரொம்ப நாளாகப் போர் இல்லை, பிணம் இல்லை, அடுப்பில் பூனை தூங்குகிறது. இந்த நேரத்தில், காளியின் கோபத்துக்குப் பயந்து இமயமலைக்கு ஓடிப்போயிருந்த ஒரு கிழட்டுப் பேய் திரும்பி வருகிறது. சும்மா வரவில்லை, இந்திரசாலம் படித்துவிட்டு வந்திருக்கிறது. "தாயே, கற்ற வித்தையைக் காட்டட்டுமா?" காளி தலையசைக்கிறாள்.

பேய் போட்ட பேய்க்காட்சி என்றால் நம் இலக்கியத்தில் இதுதான். கையைத் திருப்பினால் ஒன்று இன்னொன்றாகிறது. வெட்டுண்ட யானைகள், குவிந்த பிணங்கள், புரண்டோடும் ரத்த ஆறு. செட், லைட்டிங், எஃபெக்ட் எல்லாம் முதல் தரம். கிழட்டுப் பேய் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவை பட்டினிப் பேய்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள்; இங்கே பார்வையாளர்களே பறந்தார்கள். ரத்த ஆற்றில் குப்புற விழுந்து அள்ளினால் கையில் மண். பிணத்தைக் கடித்தால் பல்லோடு பல் மோதுகிறது. ஒன்றின்மேல் ஒன்று உருண்டு, மேடையும் இல்லை, சபையும் இல்லை. கடைசியில் பேய்களே காளியிடம் கெஞ்சின: இந்த வித்தையை நிறுத்தச் சொல் தாயே, இல்லாவிட்டால் நாங்கள் செத்துப்போவோம்! செத்த பிறகும் ஒரு ஜீவனைச் சாகடிக்கக்கூடிய ஒரே ஆயுதம் வெறும் விளம்பரப் படம்.

பிறகு நிஜமாகவே கலிங்கப் போர் வருகிறது. பேய்களுக்கு விருந்து. அதிலும் ஒழுங்கைப் பாருங்கள்: யானைத் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்து, குளித்துவிட்டுத்தான் சமையல். கூழ் காய்ச்சி இறக்கியதும் பந்தி. பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், கர்ப்பிணிப் பேய், விருந்துக்கு வந்த வெளியூர்ப் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கவனிப்பு. கேன்டீனில் சைவம், அசைவம், ஜெயின் சாப்பாடு என்று தனித்தனி கவுன்ட்டர் போடும் மேனேஜர்கள் செயங்கொண்டாருக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்.

அந்தப் பந்தியில் எனக்குப் பிடித்தது ஒரு முட்டாள் பேய். அதன் கலத்தில் ஓட்டை. கூழ் கீழே ஒழுகுகிறது. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கலாமே என்று கலத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறது. மொத்தக் கூழும் தரையில். பேய் திகைத்துப்போய் நிற்கிறது. செயங்கொண்டார் அதைத் திட்டவில்லை. அதற்கும் கூழ் ஊற்றச் சொல்கிறார். வீட்டில் ஏதாவது செய்யப் போய்ச் சொதப்பிய எல்லோருக்கும் அந்தப் பேய்தான் குலதெய்வம்.

உயிரோடிருக்கும் காட்சி ஒன்றும் உண்டு. மாசி மாதம், மகா சிவராத்திரிக்கு மறுநாள் அமாவாசையை ஒட்டி நடக்கும் மயானக் கொள்ளை. மேல்மலையனூரில் ஆரம்பித்து காஞ்சிபுரம், வேலூர் பக்கமெல்லாம் உண்டு. முகத்தில் நீலமும் சிவப்பும் பூசி, நாக்கை நீட்டி, காளி வேஷம் கட்டிய ஆண்கள் சுடுகாட்டை நோக்கி ஆடிக்கொண்டே போவார்கள். கதையின் மையத்தில் அங்கேயும் சாப்பாடு. பிரம்மாவின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளிவிட, மண்டையோடு கையில் ஒட்டிக்கொண்டது. வரும் பிச்சையையெல்லாம் அதுவே தின்றுவிட, சாமிக்குப் பட்டினி. அம்மன் மயானத்தில் சோற்றை இறைத்தாள். ருசி கண்ட மண்டையோடு கையைவிட்டுக் கீழே இறங்கியது. அம்மன் அங்காளியாக விசுவரூபம் எடுத்து ஒரே மிதி. மந்திரத்துக்கு மசியாதது ஒரு கவளத்துக்கு மசிந்தது.

சிரிப்பும் வராமல், சோறும் குறுக்கே வராமல் ஒரு பயங்கரக் காட்சி கச்சிதமாக நடந்தால் என்ன ஆகும்? அதற்கும் சாட்சி இருக்கிறது. தமிழ் நாடக உலகம் தலைமையாசிரியர் என்று கொண்டாடும் சங்கரதாஸ் சுவாமிகள், 1867இல் பிறந்தவர், இளமையில் எமன், சனீஸ்வரன் வேஷங்களில் வெளுத்துக் கட்டியவர். சத்தியவான் சாவித்திரியில் அவர் எமனாகக் கர்ஜித்தபோது பார்த்துக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாம். இன்னொரு முறை, விடியற்காலையில் சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனவரைப் பார்த்துச் சலவைத் தொழில் செய்யும் ஒரு பெண் உயிரையே விட்டார் என்று நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். சுவாமிகள் அதோடு வேஷம் கட்டுவதை விட்டார். எழுதவும் சொல்லிக்கொடுக்கவும் உட்கார்ந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். தமிழ் நாடகத்துக்கு லாபம்தான். ஆனால் அந்த லாபத்தின் விலை கொஞ்சமில்லை. அதனால்தான் சொல்கிறேன், சொதப்பல் என்பது பேய்க்காட்சிக்கு ஃபியூஸ். அது போனால்தான் வீடு தப்பும்.

இந்தச் சரித்திரம் எதுவும் தெரியாமல் இங்கே குடியிருப்புப் பிள்ளைகள் அக்டோபர் கடைசியில் பேய் வீடு கட்டுகிறார்கள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டிதான் சுவர், பஞ்சைப் பிய்த்து ஒட்டினால் சிலந்தி வலை, டார்ச் லைட்டில் சிவப்பு செலஃபன் தாள். சர்க்கரைப் பாகில் கலர் பவுடர் கலந்து ரத்தம். தொண்டை மண்டலப் பாரம்பரியம் விடுமா? ரத்தத்துக்கு எறும்பு வந்தது. பரங்கிக்காயைக் குடைந்தால், எடுத்த சதையைக் கேட்டு வாங்கி ஒரு அம்மா கூட்டு வைத்துவிட்டார். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவதும் இதே அக்டோபரின் பின்பாதியில்தான். ஒரு இரவு மழையில் அட்டைச் சுவர் அப்பளமாக ஊறிச் சரிந்தது. பிள்ளைகள் அழவில்லை. சரிந்த அட்டையைக் கல்லறை என்று பெயர் மாற்றி, பாகுக்குப் பதிலாகச் செம்மண்ணும் ஃபெவிகாலும் குழைத்து, மறுநாள் கடையைத் திறந்துவிட்டார்கள்.

2024இல் தீபாவளியும் அதே அக்டோபர் 31இல் வந்து விழுந்தது. வெளியே பத்தாயிரம் வாலா வெடிக்கும்போது உள்ளே பேய் "ஊ..." என்றால் யார் காதில் விழும்? ஆனாலும் ஒரு வெள்ளைப் பெட்ஷீட் பேய் விடாமல் கேட் வரை போய் வாட்ச்மேன் முன்னால் குதித்தது.

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, சாப்ட்டியா?" என்றார்.

"இல்ல தாத்தா, அம்மா இன்னும் தோசை ஊத்தல."

"இந்தா, முறுக்கு இருக்கு. பெட்ஷீட்டைத் தூக்கிக்கோ, தடுக்கி விழப்போற."

பேய் பெட்ஷீட்டைத் தூக்கிக்கொண்டு முறுக்குத் தின்றது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் மிட்டாய் கொடு, இல்லாவிட்டால் வம்பு பண்ணுவேன் என்று வீடு வீடாக மிரட்டி வாங்க வேண்டியிருக்கிறது. இங்கே பேய் வாயைத் திறப்பதற்கு முன்பே தட்டு வந்துவிடுகிறது. இந்த ஊரில் ஹாலோவீன் உருப்படாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். உருப்பட வேண்டிய அவசியமும் இல்லை.