சலங்கை அவளுக்கு, தாளம் யாருக்கு?

வாசகி, கும்பகோணம்: பரதம் ஆடுவது பெரும்பாலும் பெண்கள், குருமார் வரிசையில் மட்டும் ஆண்களே நிற்கிறார்களே?

சலங்கை பெண் காலில், தாளம் ஆண் கையில் என்று மரபு பிரித்து வைத்துவிட்டது. தஞ்சை நால்வர், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வழுவூர் ராமையா பிள்ளை என்று மூச்சுவிடாமல் சொல்கிறோம். அவர்கள் மேதைகள்தாம். ஆனால் பாலசரஸ்வதி, ருக்மிணி தேவி இருவருக்குமே அபிநயம் சொல்லிக்கொடுத்த மயிலாப்பூர் கௌரி அம்மாள் பெயர் எத்தனை பேர் வாயில் வருகிறது? தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கத்தையும் கே.ஜே. சரசா துணிந்து கையில் எடுத்தார். ஜெயலலிதா அவரிடம் பயின்றவர்.

வாசகர், மதுரை: ருக்மிணி தேவி பரதத்தைக் காப்பாற்றினாரா, பறித்தாரா?

1935இல் அவர் மேடையேறியதும், 1936இல் கலாக்ஷேத்ரா தொடங்கியதும் ஆயிரமாயிரம் வீட்டுப் பெண்களுக்குக் கதவைத் திறந்தன. அதை மறுப்பது நன்றிகேடு. அதே கதவு, தலைமுறைகளாக இந்த ஆட்டத்தைக் காத்த இசை வேளாளர் வீட்டுப் பெண்களுக்குச் சாத்தப்பட்டது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947 சட்டம் ஒழித்தது நியாயம். முத்துலட்சுமி ரெட்டி அதற்குப் போராடியதும் நியாயம். வழக்கத்தோடு சேர்த்து அந்தப் பெண்களையும் மேடையிலிருந்து இறக்கியது அநியாயம்.

வாசகி, திருச்சி: காதல் சுவையான சிருங்காரத்தைக் குறைத்தால்தானே பரதம் கண்ணியமாகும்?

அப்படியானால் பாலசரஸ்வதியைக் கண்ணியமற்றவர் என்பீர்களா? 1975இல் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் சிருங்காரமே தலையாய ரசம் என்று நின்றவர் அவர். அவரைப் பற்றிச் சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’ படத்தைத் தேடிப் பாருங்கள். ஐம்பது கடந்த பெண்மணி, ஒப்பனைப் பகட்டில்லை. கடற்காற்று புடவையை அலைக்கழிக்க, குழந்தைக் கண்ணனை ‘வா’ என்று அழைக்கிறார். ஒவ்வொரு முறையும் அது வேறு அழைப்பு: கெஞ்சல், கொஞ்சல், பொய்க்கோபம். பாவத்தில் உண்மை இருந்தால் கண்ணியத்துக்குத் தனியாகக் காவல் வேண்டாம்.

வாசகி, கோவை: பரதத்தில் நாயகி எப்போதும் காத்துக்கிடக்கிறாளே, அலுக்கவில்லையா?

எல்லோரும் காத்துக்கிடப்பதில்லை. வேறொருத்தி வீட்டிலிருந்து வந்தவனை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கிறவள் கண்டிதா நாயகி. க்ஷேத்ரய்யர் பதங்களில் அவளைத் தேடுங்கள்.

வாசகர், நாகர்கோவில்: பெண்கள் கதகளி ஆடலாமா?

ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். திருப்பூணித்துறையில் 1975இலேயே பெண்கள் குழு உருவாகிவிட்டது. கேரள கலாமண்டலம் கதகளி வகுப்பில் மாணவிகளைச் சேர்த்தது 2021இல்தான். கூச்சிப்பூடியில் வேதாந்தம் சத்யநாராயண சர்மா சத்யபாமாவாக ஆடியபோது ஊரே கொண்டாடியது. ஆணுக்குப் பெண் வேடம் பெருமையென்றால், பெண்ணுக்குப் பீமன் வேடமும் பெருமைதான்.

வாசகி, சென்னை: மகளுக்கு அரங்கேற்றம் வருகிறது. ஒரு யோசனை?

பட்டுப்புடவைச் செலவில் கொஞ்சம் குறையுங்கள். அழைப்பிதழில் அவள் குருவோடு, அவர் எந்த அம்மாளிடமிருந்து, எந்த நட்டுவனாரிடமிருந்து அந்த உருப்படிகளைப் பெற்றார் என்பதையும் கேட்டறிந்து அச்சிடுங்கள். மேடையிலும் அந்தப் பெயர்களை மகளே சொல்லட்டும்.