வேலையில்லாத வேட்டைக்காரன்

கணுக்கால் என்ற உறுப்பைப் பற்றி எங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் பேசியதில்லை. முழங்காலைப் பற்றிப் பேசுவோம். அது அம்மாவுக்கு வலிக்கும், தைலம் தேய்க்க வேண்டும். பாதத்தைப் பற்றிப் பேசுவோம், மனைவிக்குப் பித்தவெடிப்பு. கணுக்கால் மட்டும் யாருக்கும் தொந்தரவு தராமல் ஓரமாக இருந்துகொண்டிருந்தது. அம்பி வந்தபிறகு குடும்பத்தின் முழுக் கவனமும் அங்கேதான்.

அம்பி ஏழு மாத ஆண் பூனை. மழை நாளொன்றில், எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே யாரோ ஒருவருடைய பைக் சீட்டுக்கு அடியில் ஐந்து வாரக் குட்டியாகக் கத்திக்கொண்டிருந்தவனை, மகன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். உள்ளங்கையில் அடங்கிய அந்தச் சாதுவைப் பார்த்து அம்மாதான் பெயர் வைத்தாள். நேரம் சரியில்லை. அம்பிக்குள்ளே இன்னொருவன் இருப்பான் என்று இயக்குநர் ஷங்கர் 2005-லேயே படம் எடுத்துக் காட்டிவிட்டார், அம்மா பார்க்கவில்லை.

மூன்றாவது மாடி, கீழே நாய்கள், அதற்கப்பால் பஸ் ரூட். எனவே அம்பியை வெளியே விடுவதில்லை. அவனுடைய உலகம் இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், புறா வலை கட்டிய ஒரு பால்கனி. அந்த உலகத்தில் ஓடுகிற, ஆடுகிற, அசைகிற ஜீவராசிகள் நாங்கள் நான்கு பேர் மட்டுமே. சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு முன்னங்கால் நீளும். தாண்டிப் போகிறவர் 'ஆ' என்பார். மகன் தலையணையைக் காலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகினான். மனைவி காலி பக்கெட் இல்லாமல் ஹாலைக் கடப்பதில்லை. பத்ரிநாத் யாத்திரைக்கு வாங்கிய கம்பளி சாக்ஸை அம்மா சென்னை மே மாதத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பூனை வளர்க்காதவர்களிடம் பூனை வளர்ப்பு பற்றிய யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. மூக்கில் சுண்டு என்றார் செக்யூரிட்டி. முகத்தில் தண்ணீரை அடி என்றார் எதிர்வீட்டு மாமி. "நீயும் திருப்பிக் கடிச்சுடு" என்றான் அலுவலக நண்பன்; அவன் கணக்குப் பிரிவு, பற்றும் வரவும் நேராகாவிட்டால் தூக்கம் வராது. சித்தப்பா மட்டும் சித்தாந்தத்தோடு வந்தார். தீவிரத் தென்கலை வைணவர். வடகலையாரின் குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியோ சும்மா கிடந்தால் போதும், தாயே கவ்விக்கொண்டு போகும், பெருமாள் நம்மைக் காப்பதும் அப்படித்தான் என்பது மார்ஜார நியாயம். "ஆகையினால கழுத்துத் தோலைப் பிடிச்சுத் தூக்கு. தானா சரணாகதி பண்ணிடும்" என்று சொல்லி அவரே செய்தும் காட்டினார். அம்பி அந்த நிமிஷமே வடகலையில் சேர்ந்து, சித்தப்பாவின் முழங்கையைத் தானே இறுகப் பற்றிக்கொண்டான்.

குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவச் சொன்னோம். "பூனைதானேடா" என்றார். பூனைப் பல் மெல்லியது. மேலே புள்ளியாகத்தான் தெரியும், கிருமியை ஆழத்தில் இறக்கிவிட்டிருக்கும். ரேபிஸும் நாய்க்கு மட்டும் சொந்தமில்லை. அம்பிக்குத் தடுப்பூசி போட்டிருந்தும் சித்தப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போனோம். ஆட்டோவில் வழி நெடுக அவர் விசிஷ்டாத்வைதம் பேசவில்லை.

அடுத்த நாள் அம்பியை அவனுடைய டாக்டரிடம் கொண்டுபோனோம். டாக்டரம்மா அவன் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அழுத்தினார், கால்களை மடக்கி நீட்டினார். எங்காவது வலி இருந்தாலும் பூனை கடிக்குமாம். முதலில் பார்க்க வேண்டியது அதுவாம். வலி ஏதுமில்லை. "இதுக்குக் கோபமே இல்ல சார். விளையாடுது" என்றார். பிறகு கேட்டார்: "கூடப் பிறந்தது ஏதாவது வளர்க்கிறீங்களா?"

விஷயம் அங்கேதான் இருந்தது. பூனைக்குட்டிகள் ஒன்றையொன்று கடித்துப் புரண்டுதான் கடியின் அளவைக் கற்றுக்கொள்கின்றன. ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீலென்று கத்திவிட்டு ஆட்டத்தை விட்டு எழுந்து போய்விடும். தாயும் ஓர் அறை வைப்பாள். இத்தனை அழுத்தினால் ஆட்டம் நின்றுவிடும் என்பது அப்படித்தான் மண்டையில் ஏறும். மூன்று மாதமாவது தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்க வேண்டிய வயதில் அம்பி சட்டைப் பையில் ஏறிவிட்டான். பள்ளிக்கூடம் போகாதது அவன் குற்றமில்லை. அதற்குப் பதிலாக என் மகன் டியூஷன் எடுத்திருந்தான்: போர்வைக்குள் விரலை ஆட்டுவது, அம்பி பாய்வது, "செம டா" என்று பாராட்டுவது. குட்டிப் பல்லாக இருந்தவரை வேடிக்கை. ஆறு மாதத்துக்குள் பால்பல் விழுந்து நிரந்தரப் பல் முளைத்துவிடுகிறது. பாடம் மட்டும் மாறவில்லை.

"இன்னொரு குட்டி எடுத்து வளர்த்தா நல்லா இருக்கும்" என்றார் டாக்டரம்மா. மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த உண்ணிப் படத்தைப் பார்த்தேன். குடும்பக் கட்டுப்பாடு செய்தால் அடங்குமா என்று அம்மா கேட்டுவரச் சொல்லியிருந்தாள். அதைச் சீக்கிரமே செய்துவிடச் சொன்னார். ஊர் சுற்றும் ஆசையும் சுவரில் பீய்ச்சுவதும் குறையுமாம். "ஆனா கணுக்காலுக்கு நான் கேரண்டி தர முடியாது."

எனக்கு அன்றுதான் தெளிந்தது. அம்பி ரௌடி இல்லை. வேலையில்லாத இளைஞன். உடம்பில் தெம்பு, கையில் தொழில், ஊரில் எலி இல்லை. வேளாவேளைக்குத் தட்டில் சாப்பாடு விழுகிறது என்பதால் கை சும்மா இருக்குமா? பூனையின் வேட்டைக்குப் பசி அவசியமில்லை என்று ஜெர்மானிய விலங்கியலாளர் பால் லைஹௌசன் வெகுகாலம் பூனைகளோடு இருந்து பார்த்து எழுதினார். பதுங்க ஓர் ஆசை, பாய ஓர் ஆசை, கவ்வ ஓர் ஆசை. வயிறு நிறைந்தாலும் அவை நிறைவதில்லை. எலி நடமாடும் வேளை விடிகாலையும் அந்தியும் என்பதால் பூனைக்கு முறுக்கேறுவதும் அப்போதுதான். எங்கள் வீட்டில் விடிகாலையில் நடமாடும் ஒரே ஜீவன், காபி டிகாக்ஷன் போட எழுந்துவரும் என் அம்மா.

ஆகவே வேலை கொடுத்தோம். தென்னந்துடைப்பத்திலிருந்து தடித்த ஈர்க்குச்சிகளாக உருவிச் சேர்த்துக் கட்டி, நுனியில் நாடா, நாடாவின் முனையில் பத்ரிநாத் சாக்ஸில் ஒன்று. (நாடாவை ஆட்டம் முடிந்ததும் அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும், விழுங்கினால் குடலைச் சுருக்கி இழுத்துவிடும்.) லேசர் விளக்கு வாங்கலாம் என்றான் மகன். வேண்டாமென்றேன். எவ்வளவு பாய்ந்தாலும் கையில் ஒன்றும் சிக்காத வேலையில் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

எலியாக நடிப்பது சுலபமில்லை. முதலில் நான் சாக்ஸை அம்பியின் மூக்கெதிரே ஆட்டினேன். அவன் கொட்டாவி விட்டான். எந்த எலி பூனையின் மூஞ்சியில் வந்து ஆடும்? எலி விலகித்தான் ஓடும். சுவரோரமாக ஓடி, நின்று, நடுங்கி, சோபா மறைவில் பாதி உடம்பு போய், வால் மட்டும் வெளியே துடிக்க வேண்டும். மனைவி நாற்காலியைப் போட்டுக்கொண்டு இயக்க ஆரம்பித்தாள். "பயம் பத்தலை. பிஎஃப் பணம் வரலைன்னு மெயில் வந்ததே, அன்னிக்கு இருந்த மாதிரி இருங்கோ." இருந்தேன். அம்பியின் கண்மணி அகன்று கண் முழுக்கக் கறுப்பானது. உடம்பு தரையோடு தாழ்ந்தது. பின்பக்கம் மட்டும் இடமும் வலமும் மெதுவாக ஆடியது. மாமல்லபுரம் பாறைச் சிற்பத்தில், இரண்டு முன்னங்கால்களையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற பூனையைச் சுற்றி எலிகள் நிற்குமே, அந்த எலிகளுக்கு யாராவது இந்தப் பின்பக்க ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். பாய்ந்தான். சாக்ஸை முன்னங்கால்களால் கட்டிக்கொண்டு பின்னங்கால் இரண்டாலும் உதை உதையென்று உதைத்தான். என் முழங்கைக்கு வரவேண்டிய உதை.

பிடித்ததும் உடனே சாப்பாடு வைக்க வேண்டும். வேட்டை, தீனி, உடம்பை நக்குதல், தூக்கம் என்பது அவன் குல வரிசை. அம்மா தயிர்சாதத்தில் முடித்துவிடப் பார்த்தாள். அவனும் ஆசையாக நக்கினான். ஆனால் இறைச்சியில் இருக்கிற டாரின் இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். எனவே டின் மீன், மகன் பொறுப்பில், பால்கனியில், அடுப்படி ஜன்னலைச் சாத்திவிட்டு. காலையில் பத்துப் பதினைந்து நிமிஷம், மாலை ஏழுக்கு இன்னொரு ஷிஃப்ட். கையைக் கடித்தால் திட்டு இல்லை, அடி இல்லை. கையை உதறாமல் அப்படியே விட்டு, பிறகு எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவோம். ஆட்டம் குளோஸ்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. தடவிக் கொடுக்கும்போது வால் நுனி துடித்தாலோ, முதுகுத் தோல் சிலிர்த்து ஓடினாலோ, காது பக்கவாட்டில் படிந்தாலோ கையை எடுத்துவிட வேண்டும். அவன் கொடுக்கும் நோட்டீஸ் அவ்வளவுதான். மல்லாந்து வயிற்றைக் காட்டுவது தடவச் சொல்லி அல்ல. புறா விஷயம் இன்னும் மோசம். வலைக்கு வெளியே ஒரு புறா உட்கார்ந்து குனுகும். உள்ளே அம்பி தாடை நடுங்கக் கிக்கிக் என்று ஒரு சத்தம் போடுவான். அந்த நேரம் பார்த்துத் துணி உலர்த்தப் போகிறவருக்குப் புறாவின் பங்கும் சேர்த்துக் கிடைக்கும். இப்போது புறா இருந்தால் துணி ஈரமாகவே காத்திருக்கிறது.

ஒரு நன்மை. உட்கார்ந்தால் காலை ஆட்டாதே, குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மா சின்ன வயதிலிருந்து சொல்லியும் விடாத மகன், அம்பியிடம் ஒரே வாரத்தில் விட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். முழங்கை ஆறிவிட்டது. ஈசிசேரில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, வேஷ்டி நுனி தரையைத் தடவ, சரணாகதி தத்துவத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். சுவாரசியம் ஏற ஏற மேல் கால் ஆட ஆரம்பித்தது. பேப்பர் அடுக்குக்குப் பின்னால் ஒரு பின்பக்கமும் மெதுவாக ஆட ஆரம்பித்ததை நான் பார்த்துவிட்டேன். அலமாரிச் சாவியை எடுக்க எழுந்தேன். மனைவி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இன்னும் ஏழு மணி ஆகலையே."